கடலுக்கும் ஒரு காண்டூர் கால்வாய் உண்டா? நீரோட்டமும் கண்டத்திட்டின் விளிம்பும்

உடுமலை ஆசிரியை
வெள்ளி, இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். நேற்று பெருங்கடல் நீரோட்டங்கள் பாடம். உலக வரைபடத்தில் அம்புக்குறிகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, தளி பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “டீச்சர், இவ்வளவு பெரிய ஆறு கடலுக்குள் ஓடுகிறது என்கிறீர்கள். அது கரையில் வந்து மோதாமல், கொஞ்சம் தள்ளியே கரைக்கு இணையாகப் போகிறதே, எது அதைத் தடுக்கிறது?”

கண்டத்திட்டின் விளிம்பு என்று பதில் சொன்னேன். “விளிம்பு என்றால் சுவரா?” என்றாள். மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரையிலிருந்து கடலடி மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. ஆழம் குறைந்த அந்தப் பரப்புதான் கண்டத்திட்டு. சுமார் 130 மீட்டர் ஆழம் வந்ததும் இறக்கம் கூடுகிறது. அதுதான் விளிம்பு. அதற்கப்பால் இருக்கும் கண்டச்சரிவின் சராசரிச் சாய்வு 4 பாகை, அதாவது ஏறத்தாழ 14 அடிக்கு 1 அடி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் நம் மலை ரயில் 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது. பல்சக்கரம் பிடித்து ரயில் ஏறிவிடும் ஏற்றத்தை, ஒரு கடல் நீரோட்டத்தால் ஏற முடியாதா? சுவர் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

ஒன்று தோன்றுகிறது. திருமூர்த்தி அணைக்கு வரும் காண்டூர் கால்வாய், மலையில் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து வருகிறது. நீரோட்டமும் கடலடியில் ஒரே ஆழத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. திங்கட்கிழமை இந்த உவமையைச் சொல்லலாமா? தவறான உவமை ஒரு பிள்ளையின் மனத்தில் விழுந்துவிட்டால் பிறகு எடுப்பது கடினம். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வாய்க்கால்கரை
வெள்ளி, இரவு 9.35

அம்மணி, நான் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கால்வாய்க் கரையில் பல ஆண்டுகள் நடந்திருக்கிறேன். சர்க்கார்பதி மின்நிலையத்தை விட்டு வெளியேறும் நீரை, 49 கிலோமீட்டர் தூரம் ஆனைமலைச் சரிவிலேயே நடத்திக்கொண்டு வந்து திருமூர்த்தியில் சேர்க்கிறது. மலை உள்ளே மடங்கினால் கால்வாயும் மடங்கும், மலை வெளியே பிதுங்கினால் அதுவும் பிதுங்கும். சில இடங்களில் மட்டும் சுரங்கம்.

உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் எனக்கு இடிக்கிறது. எங்கள் கால்வாய்க்குப் பள்ளத்துப் பக்கம் ஒரு கரை கட்டியிருக்கிறோம். அதில் ஓர் உடைப்பு விழுந்தால் போதும், அத்தனை நீரும் காட்டுக்குள் இறங்கிவிடும். அந்த நீர் தன் விருப்பத்தால் ஒரே மட்டத்தில் ஓடவில்லை, கரை அதைப் பிடித்து நிறுத்துகிறது. கடலில் அந்தக் கரை எது? மேட்டுப் பக்கமும் நீர், பள்ளத்துப் பக்கமும் நீர். இதற்கு விடை தெரியாமல் வகுப்பில் அந்த உவமையைச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து.

அந்தியூர் அலை
சனி, காலை 6.10

ஐயா கேட்டதுதான் மையமான கேள்வி. அந்தியூரில் பிறந்து, கடல் இயற்பியல் படித்து, இப்போது மேற்குக் கரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரை, பூமியின் சுழற்சி.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஓடும் எதையும் அந்தச் சுழற்சி வலப்பக்கம் தள்ளுகிறது. எறிந்த பந்து அதை உணராது, சில நொடிகளில் விழுந்துவிடும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஓடும் நீர் நன்றாக உணரும். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் வடக்கே ஓடும் வளைகுடா நீரோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடா நீரிணையில் அது நொடிக்கு ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர் நீரைக் கொண்டுபோகிறது. மேட்டூரில் 1 லட்சம் கன அடி திறந்தாலே பவானியிலும் கொடுமுடியிலும் கரையோர வீடுகளைக் காலி செய்யச் சொல்கிறார்கள் அல்லவா? அந்தத் திறப்பைப் போல 10,000 மடங்குக்கும் மேல்.

அந்த நீரோட்டத்தின் குறுக்கே கடலின் மேல்மட்டம் சமமாக இல்லை. வலப்பக்கம், அதாவது நடுக்கடல் பக்கம், இடப்பக்கத்தைவிட ஏறத்தாழ 1 மீட்டர் உயரமாக நிற்கிறது. 100 கிலோமீட்டர் அகலத்தில் 1 மீட்டர். சாய்ந்து நிற்கும் நீர் இடப்பக்கம் வழியத்தான் பார்க்கும். சுழற்சி அதை வலப்பக்கம் தள்ளும். இரண்டும் சமமாகிவிடுவதால் நீர் அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் போகாமல் நேரே முன்னால் ஓடுகிறது. ஐயா கேட்ட கரை அந்தச் சமநிலைதான்.

ஆனால் இது பாதி விடை. எங்கோ நடுக்கடலில் ஓடாமல், குறிப்பாக விளிம்பின் ஆழக்கோட்டையே, அதாவது ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோட்டையே, அது ஏன் பிடித்துக்கொள்கிறது என்பது மீதி. வெளியே கிளம்புகிறேன், மாலையில் எழுதுகிறேன்.

கரூர் இயற்பியல்
சனி, காலை 10.20

அண்ணா, மாலைவரை காத்திருக்க முடியவில்லை. இந்தப் பருவத்தில் திரவ இயக்கவியல்தான் படிக்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

வங்காள விரிகுடாவில் 3,000 மீட்டர் ஆழத்தில் ஒரு நீர்த்தூண் நிற்பதாக நினைத்துக்கொள்வோம். அது அசையாமல் நின்றாலும் பூமியோடு சேர்ந்து சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. அதைக் கண்டச்சரிவின் மேலே தள்ளினால் அடித்தரை உயர்ந்து வருகிறது, தூணின் உயரம் குறைகிறது. களி உருண்டையை உள்ளங்கையால் அமுக்கினால் உயரம் குறைந்து அகலம் கூடுவதுபோல, நீர்த்தூணும் அகன்றாக வேண்டும். சுழல்கிற பொருள் அகன்றால் அதன் சுழற்சி குறையும். கை விரித்துச் சுற்றுகிற குழந்தை வேகம் குறைவது இதனால்தான். ஆக, ஆழம் பாதியானால் அந்தத் தூணின் மொத்தச் சுழற்சியும் பாதியாக வேண்டும். பூமியின் சுழற்சி குறையப் போவதில்லை. அப்படியானால் அந்த நீரே எதிர்த்திசையில் வேகமாகச் சுழலத் தொடங்க வேண்டும். அகலமாக, நிதானமாக ஓடும் ஒரு நீரோட்டத்தால் அவ்வளவு பெரிய எதிர்ச்சுழலை உண்டாக்க முடியாது. அதனால் ஆழம் மாறாத வழியையே எடுத்துக்கொள்கிறது.

டீச்சர், மலை ரயிலோடு இதை ஒப்பிட்டால் புரிந்துவிடும். ரயிலைத் தடுப்பது ஈர்ப்பு விசை. நீரைத் தடுப்பது ஈர்ப்பு விசை அல்ல, ஏனென்றால் நீருக்குள் நீரை உயர்த்த அதிக உழைப்பு தேவையில்லை. நீர் ஏற மறுப்பது உயரத்துக்கு அஞ்சி அல்ல, நசுங்குவதால் வரும் சுழற்சி மாற்றத்தால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பிடி எல்லா இடத்திலும் ஒரே பலம் அல்ல. துருவத்தில் முழுப் பலம், நிலநடுக்கோட்டில் பூச்சியம். நம் கொங்கு நாடு இருக்கும் 11 பாகையில் துருவத்தின் ஐந்தில் ஒரு பங்குதான்.

சென்னிமலைத் தறி
சனி, பிற்பகல் 3.05

படித்துக்கொண்டே வந்தேன், ஓர் ஐயம். நான் தறிக்காரன், கணக்குப் படித்தவன் அல்ல. நீரோட்டம் கடலின் மேற்பரப்பில் அல்லவா ஓடுகிறது? 3,000 மீட்டர் கீழே இருக்கும் தரை மேடா பள்ளமா என்று மேலே ஓடும் நீருக்கு எப்படித் தெரியும்? கிணற்றின் மேலே இலை மிதந்தால் அடியில் பாறை இருப்பது இலைக்குத் தெரியாதே.

அந்தியூர் அலை
சனி, இரவு 8.15

தங்கச்சி எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. களி உருண்டையை இனி நானும் எடுத்துக்கொள்கிறேன்.

தறிக்கார அண்ணனின் ஐயம், இந்தத் துறையில் பலர் பல ஆண்டுகள் பாடுபட்ட இடம். கடல் முழுவதும் ஒரே அடர்த்தியாக இருந்தால் மேலே ஓடுவதும் கீழே ஓடுவதும் ஒன்றாகவே நகரும், தரையின் பிடி உச்சிவரை எட்டும். நிஜக் கடல் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே வெதுவெதுப்பான இலேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர். இந்த அடுக்குகள் தரையின் பிடியைத் தளர்த்துகின்றன. வளைகுடா நீரோட்டம்போல 1,000 மீட்டருக்கும் கீழே வேர்விட்ட நீரோட்டத்துக்குச் சரிவு நன்றாகத் தெரியும். மேல் அடுக்கில் மட்டும் ஓடும் நீருக்குச் சரிவின் அடிவாரம் தெரியாது, ஆனால் 130 மீட்டரில் இருக்கும் விளிம்பு தட்டுப்படும். அதனால் ‘ஆழக்கோட்டை விட்டு நகரவே நகராது’ என்று எழுதும் புத்தகங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நகர்கிறது, கசிகிறது. அந்தக் கசிவைத் தேடித்தான் நாங்கள் கப்பல் ஏறுகிறோம்.

கேப் ஹாட்டரஸ் என்ற முனைவரை விளிம்பை ஒட்டியே வரும் வளைகுடா நீரோட்டம், அங்கே விளிம்பைக் கைவிட்டு ஆழ்கடலுக்குள் போய்விடுகிறது. அதன்பின் அது நெளிகிறது. நெளிவு முற்றி அறுந்து, வெந்நீர் வளையங்களாகக் கழன்று திரிகிறது. அந்த வளையம் ஒன்று திட்டின் விளிம்பில் வந்து உரசும்போது திட்டின் நீரை வெளியே இழுத்துக்கொண்டு, தன் நீரைக் கொஞ்சம் உள்ளே விட்டுவிட்டுப் போகும். தென்னாப்பிரிக்காவின் அகுல்ஹாஸ் நீரோட்டமும் அப்படித்தான். செங்குத்தான சரிவு இருக்கும்வரை ஒழுங்காக ஓடும், திட்டு அகலும் இடத்தில் தடுமாறும், கடைசியில் வந்த வழியே கிழக்கே திரும்பிவிடும்.

இந்த ஓரங்களின் மதிப்பை முதலில் அறிந்தவர்கள் வேட்டைக்காரர்கள். வளைகுடா நீரோட்டத்தின் வரைபடத்தை 1769 வாக்கில் பெஞ்சமின் பிராங்க்ளின் அச்சிட்டார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர், நான்டக்கெட் தீவின் கப்பல் தலைவரும் அவருடைய உறவினருமான டிமோத்தி ஃபோல்ஜர். நீரோட்டத்தின் நடுவில் திமிங்கிலம் கிடைப்பதில்லை, அதன் இரு ஓரங்களில்தான் கிடைக்கிறது, அதனால் எங்களுக்கு அதன் எல்லை அத்துப்படி என்பது அந்தத் திமிங்கில வேட்டைக்காரர்களின் விளக்கம்.

உக்கடம் மீன்கடை
ஞாயிறு, பிற்பகல் 4.30

ஞாயிறு வியாபாரம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். தம்பி, திமிங்கிலத்தை விடுங்கள். எனக்கு மத்தியைப் பற்றிச் சொல்லுங்கள். வாளையார் தாண்டி வரும் கேரளச் சரக்கில் அதிகாலை ஏலத்துக்கு ஒரு நாள் மத்திப் பெட்டிகள் வண்டி வண்டியாக இறங்கும், ஒரு நாள் ஒரு பெட்டிகூட இராது. கரையில் கேட்டால் “நீவாடு சரியில்லை” என்பார்கள். அவர்கள் நீரோட்டத்தைச் சொல்லும் வார்த்தை அது. தென்மேற்கு மழை பிடித்தபின் மீன் கூடும் என்பதும் அவர்கள் கணக்கு. விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் அந்த மாதங்களில் மீன் எப்படிக் கூடும் என்று வாங்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நீரோட்டம் விளிம்போடு போய்விடுகிறது என்றால், கரையோர மீனுக்கும் அதற்கும் என்ன உறவு?

அந்தியூர் அலை
ஞாயிறு, இரவு 7.40

அண்ணா, என் வேலையே அதுதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தடையைப் பற்றி முதலில். கேரளத்தில் அந்தக் காலத் தடை இழுவைப் படகுகளுக்குத்தான், பாரம்பரிய வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன. மத்தி அவர்கள் வலையில் வருகிறது.

இனி நீர். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து பொள்ளாச்சித் தென்னைகளை ஆட்டி, உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பருவக்காற்று அரபிக் கடலைக் கடந்து வருகிறது. இந்தியாவின் மேற்குக் கரையோரம் அது வடமேற்கிலிருந்து, கரைக்கு ஏறத்தாழ இணையாகத் தெற்கு நோக்கி வளைந்து வீசுகிறது. காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் திசையிலேயே போகாது, வலப்பக்கம் விலகும். 1893இல் வடதுருவக் கடலுக்குப் புறப்பட்ட நார்வே ஆய்வாளர் நான்சென், பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு 20 முதல் 40 பாகை வலப்பக்கம் நகர்வதைக் குறித்து வைத்தார். அதற்குக் கணக்கு எழுதி 1905இல் வெளியிட்டவர் சுவீடன் கடலியலாளர் எக்மன். தெற்கு நோக்கி வீசும் காற்றுக்கு வலப்பக்கம் மேற்கு. அதாவது மேல்நீர் கரையை விட்டு விலகுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, விளிம்பில் 100 மீட்டருக்குக் கீழே கிடந்த குளிர்ந்த நீர் திட்டின் மேல் ஏறி வருகிறது. ஆழத்தில் மக்கிச் சேர்ந்த உரமெல்லாம் அதில் இருக்கிறது. வெயில் படும் இடத்துக்கு உரம் வந்ததும் நுண்பாசி பெருகும், பாசியை மத்தி மேயும்.

காற்று மட்டும்தான் காரணம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கேரளக் கரையில் காற்று அவ்வளவு பலமில்லை. வங்காள விரிகுடாவில் வீசிய காற்று எழுப்பும் நீளமான அலைகள், கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, விளிம்பையே தடமாகப் பிடித்து, இலங்கையைச் சுற்றி மேற்குக் கரைக்கு ஏறி வருகின்றன. கண்ணால் பார்க்க முடியாத அலைகள் அவை. மேல்மட்டத்தில் சில சென்டிமீட்டர்தான், ஆனால் கீழே குளிர்நீரின் அடுக்கைப் பத்துப் பத்து மீட்டராக உயர்த்தியும் தாழ்த்தியும் விடும். ஆக, கொல்லம் கடலில் மீன் கூடுவதற்குக் காரணம் ஒருவேளை வாரங்களுக்கு முன் வங்கத்தில் அடித்த காற்று. இந்த ஒன்றைப் படித்த நாளில்தான் நான் இந்தத் துறையை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த மாதங்களில் மேற்குக் கரையில் நீரோட்டம் தெற்கே ஓடுகிறது, கரை அதன் இடப்பக்கம். வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் தாழ்வு என்று முன்பு எழுதினேன் அல்லவா? அதன்படி கரையோரக் கடல்மட்டம் ஒரு சாணுக்கு உட்பட்ட அளவு தாழ்ந்துவிடும். மேலே தாழ்ந்தால் கீழே குளிர்நீர் உயரும். எல்லாம் ஒரே கணக்கில் பொருந்தும்.

ஆனால் ஏறிவரும் நீர் எப்போதும் நல்லதே செய்வதில்லை. ஆழ்நீரில் உயிர்வளி குறைவு. ஆவணி, புரட்டாசியில் அது திட்டின் அடியில் பரவிவிட்டால், தரையோடு வாழும் மீனும் இறாலும் இடம்பெயர்ந்து மேல் அடுக்கிலும் கரையோரத்திலும் நெருங்கும். அன்று வலை நிறையும், அதை வளம் என்று எண்ணிவிடக் கூடாது. மத்தியின் ஏற்ற இறக்கத்துக்கு இது ஒன்றே விளக்கமும் அல்ல. 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் 3,300 டன் அளவுக்கு விழுந்தது. கடல் சூடு, மழை, உணவு, அளவுக்கு மீறிய பிடிப்பு எல்லாம் சேர்ந்த கதை அது. ஒற்றைக் காரணம் சொல்பவரை நம்பாதீர்கள்.

உக்கடம் மீன்கடை
ஞாயிறு, இரவு 9.20

2021 வரத்து எனக்கு மறக்காது. மத்தி வாங்கிப் பழகிய வீடுகள் அந்த ஆண்டு வேறு மீனுக்கு மாறின, சில வீடுகள் திரும்பி வரவே இல்லை. ஏழை வீட்டுக் குழம்பு மீன் அது. வங்கத்துக் காற்றுக்கும் என் தட்டுக்கும் இருக்கிற தொடர்பை இன்றுதான் கேட்கிறேன். நாளை ஏலத்தில் நண்பர்களுக்குச் சொல்வேன்.

வாய்க்கால்கரை
ஞாயிறு, இரவு 9.50

தம்பி, சமநிலைதான் கரை என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி மிச்சம். எங்கள் கால்வாயில் உடைப்பு விழும் என்று சொன்னேன். கடலில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கரை உடையும் இடம் உண்டா?

நான் அறிந்த ஒரு செய்தியையும் சொல்கிறேன். பொறியியல் படித்த காலத்தில் கேட்டது, இன்றுவரை மனத்தை விட்டுப் போகவில்லை. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்ட் பேங்க்ஸ் திட்டின் விளிம்பில் நிலநடுக்கம். அட்லாண்டிக் கடலடியில் கிடந்த தந்திக் கம்பிகள் 12 அறுந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்திருந்தால் நிலநடுக்கத்தின் வேலை என்று விட்டிருப்பார்கள். மேட்டில் இருந்தவை முதலில், பள்ளத்தில் இருந்தவை மணிக்கணக்கு கழித்து, வரிசையாக அறுந்தன. விளிம்பில் சரிந்த சேறும் மணலும் கனத்த வெள்ளமாகச் சரிவில் இறங்கியதை, 1952இல் ஹீசன், யூயிங் என்ற ஆய்வாளர்கள் அந்தத் தந்தி நேரங்களை வைத்தே நிறுவினார்கள். தந்தி நிலையக் குறிப்பேட்டிலிருந்து கடலடி வெள்ளத்தின் வேகத்தைக் கணக்கிட்ட அந்த மூளையை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

அந்தியூர் அலை
ஞாயிறு, இரவு 11.05

உடைப்பு உண்டு ஐயா. அதற்குப் பெயர் கடலடிப் பள்ளத்தாக்கு. நீங்கள் சொன்ன சேற்று வெள்ளங்கள் திரும்பத் திரும்ப இறங்கி அறுத்த பள்ளங்கள் பல உண்டு. கங்கை முகத்துக்கு வெளியே ஒன்று இருக்கிறது. நம் கடலூர், புதுச்சேரிக்கு எதிரேயும் இருக்கின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழியில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அப்போது இன்றைய திட்டு வெறும் நிலம், ஆறுகள் விளிம்புவரை ஓடித் தம் மணலை நேரே சரிவின் தலையில் கொட்டின.

அந்தப் பள்ளத்தாக்கு நீரோட்டத்துக்கு ஏன் உடைப்பு என்றால், சாய்ந்த மட்டத்தின் இழுப்பையும் சுழற்சியின் தள்ளலையும் சமமாக்க நீர் விளிம்போடு தாராளமாக ஓட இடம் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்குக்குள் இருபுறமும் சுவர். அங்கே நீர் பக்கவாட்டில் ஓட முடியாது. ஓடாத நீரைச் சுழற்சி தள்ளாது, இழுப்பு மட்டும் தனியாக நிற்கும். அதனால் நீர் பள்ளத்தாக்கின் நீளவாக்கில் ஏறும் அல்லது இறங்கும். மேலே நீரோட்டம் கரையை இடப்பக்கம் வைத்து ஓடினால் ஆழ்நீர் பள்ளத்தாக்கு வழியாக மேலேறும். உங்கள் கால்வாயில் உடைப்பு வழியே நீர் பள்ளத்துக்கு இறங்கும். இங்கே மேட்டுக்கும் ஏறும். அதுதான் வேறுபாடு.

தரையை உரசும் அடுக்கும் ஓர் ஓட்டைதான். உரசலில் வேகம் குறைந்தால் சுழற்சியின் தள்ளலும் குறையும், சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் கனமுள்ள அந்த அடி அடுக்கு சரிவுக்குக் குறுக்கே நழுவிவிடும்.

இன்னொரு வழியை நானே அனுபவித்திருக்கிறேன். வங்காள விரிகுடாவில் விளிம்புக்கு மேலே கப்பலை நிறுத்தி, வெப்பமானியைக் கம்பியில் இறக்கி ஒரே ஆழத்தில் வைத்திருந்தோம். கடல் எண்ணெய்போல அமைதி. வெப்பநிலை மட்டும் சில நிமிடங்களில் சரசரவென்று இறங்கியது, பிறகு ஏறியது, மறுபடி இறங்கியது. கருவி நகரவில்லை, குளிர்நீர் அடுக்குதான் மேலும் கீழும் போய் வந்தது. ஓதம் ஏறி இறங்கும்போது அடுக்கடுக்கான நீர் விளிம்பில் இடறுகிறது. அந்த இடறல் கடலுக்குள்ளேயே அலையாகக் கிளம்புகிறது. அவற்றை உள்ளலைகள் என்கிறோம். அந்தமான் கடலில் அவை பல பத்து மீட்டர் உயரம் எழும். மேற்பரப்பில் அவை விடும் வரிகள் செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும். இந்த அலைகள் திட்டின்மேல் உடையும்போது ஆழ்நீரின் உரம் மேல்நீரோடு கலக்கிறது.

கடைசியாக, மனத்தை அழுத்தும் ஒன்று. அண்டார்டிகாவின் அமுண்ட்சென் கடலில் ஆழத்தில் கிடக்கும் நீர், அந்த இடத்தின் உறைநிலையைவிடச் சில பாகை வெதுவெதுப்பானது. விளிம்பு அதை முழுதாக வெளியே நிறுத்தவில்லை. திட்டை அறுத்துச் செல்லும் பள்ளங்கள் வழியாக உள்ளே புகுந்து, பைன் தீவு, த்வைட்ஸ் பனியாறுகளை அடியிலிருந்து கரைக்கிறது. எந்தப் பள்ளத்தில் எவ்வளவு நீர் புகுகிறது என்பதை அளப்பது இன்று கடலியலின் மிக அவசரமான வேலைகளுள் ஒன்று. விளிம்பு பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சென்னிமலைத் தறி
திங்கள், காலை 5.40

விடியலில் தறியில் உட்காரும் முன் இதைப் படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். விளிம்போடு நெடுக ஓடுவது பாவு. பள்ளத்தாக்கிலும் அடியிலும் அலையிலும் குறுக்கே கசிவது ஊடை. பாவு எத்தனை ஆயிரம் இழை இருந்தாலும் ஊடை போகாமல் துணி ஆகாது. டீச்சர், கால்வாய் உவமையோடு இதையும் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

உடுமலை ஆசிரியை
செவ்வாய், இரவு 8.10

ஐயா, அண்ணன்மார், தங்கை எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு பாடவேளை எடுத்துக்கொண்டேன். காண்டூர் கால்வாயைச் சொன்னேன். கால்வாய்க்குக் கரையைக் கட்டியது மனிதர், கடலில் கரையைக் கட்டுவது பூமியின் சுழற்சி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். களி உருண்டையை வீட்டிலிருந்தே கொண்டுபோய் அமுக்கிக் காட்டினேன். சென்னிமலை அண்ணனின் பாவும் ஊடையும், நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவரை முதன்முறையாக வகுப்பில் வாய் திறக்கவைத்தது.

அந்தத் தளி மாணவி விடவில்லை. நம் கிழக்குக் கரையில் நீரோட்டம் மாசி முதல் வைகாசிவரை வடக்கே போகிறது, ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பிவிடுகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நோட்டில் படம் போட்டுப் பார்த்துவிட்டு, “அப்படியானால் ஐப்பசியில் கரை வலப்பக்கம் வருகிறது டீச்சர். கரையோரம் கடல் உயர வேண்டுமே, உயர்கிறதா?” என்றாள். தெற்கே வரும் நீரோட்டம் இராமேசுவரம் வழியாக மன்னார் வளைகுடாவுக்குள் போய்விடுமா என்பது அவளுடைய அடுத்த கேள்வி. எனக்கு இரண்டும் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தியூர் அலை
செவ்வாய், இரவு 9.00

உயர்கிறது. சென்னைத் துறைமுகத்தில் கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானியில் ஆண்டின் உயர்ந்த மாதச் சராசரி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் வரும். தாழ்ந்தது பங்குனி, சித்திரையை ஒட்டி, நீரோட்டம் வடக்கே போகும்போது. யாரும் சொல்லாமல் படம் போட்டே அவள் அங்கே வந்து சேர்ந்துவிட்டாள் என்று சொல்லுங்கள்.

இராமேசுவரத்துக்கு வடக்கே இருக்கும் பாக் நீரிணைக்குள் அந்த நீரோட்டம் நுழைய வழியில்லை, அங்கே பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டர்கூட இல்லை. சேதுத் திட்டுகளில் இன்னும் குறைவு. அதனால் இலங்கையின் கிழக்குக் கரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திருகோணமலையின் ஆழப் பள்ளத்தாக்கைக் கடந்து, தீவைச் சுற்றிக்கொண்டு அரபிக் கடலுக்குப் போகிறது. கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டிய உப்புக் குறைந்த நீர், அந்த வழியாகத்தான் கேரளக் கடல்வரை வருகிறது.

வாய்க்கால்கரை
செவ்வாய், இரவு 9.25

அம்மணி, பள்ளியில் அனுமதி கிடைத்தால் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைத் திருமூர்த்திக்கு அழைத்து வாருங்கள். கால்வாய் வந்து அணையில் சேரும் இடத்தில் காத்திருப்பேன். பழைய மட்டக்கருவி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, கால்வாயின் வாட்டத்தைப் பிள்ளைகளே அளக்கட்டும். அந்த மாணவிக்குத் தளிதான் ஊர் என்றால், கருவியை முதலில் அவள் கையில் கொடுக்கிறேன்.